ஆவரைவிளைக்காரர்களின் கழுத்துக் கீறல்

எங்கள் ஊரான ஆவரைவிளையின் முகப்பில் அம்மன் பெயரில் ஒரு சிமெண்ட் வளைவு நிற்கிறது. அந்த வளைவுக்குள் தலையை நுழைத்த எதுவும், மனிதரானாலும் மாடானாலும் மினிபஸ்ஸானாலும், ஓரடிகூடப் பின்னால் நகரக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. நகர்ந்தால் அம்மனும் ஊரைவிட்டுப் பின்வாங்கிவிடுவாளாம். அதனால் தாலியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தும், முன்னாலேயே நடந்து குளக்கரையைச் சுற்றிப் போய் எடுத்து வந்து, முகூர்த்தம் தப்பி, அடுத்த முகூர்த்தத்தில் தாலி கட்டினார்கள். திருவிழாக் கூட்டத்தில் நாலு பேர் இடித்துத் தள்ளி ஒருத்தி பின்னால் நகர்ந்துவிட்டால் அது யார் கணக்கு என்று நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேட்டேன். "நம்ம ஊர்ல எவனும் பொம்பளைய இடிக்க மாட்டான்" என்றார் அப்பா. அது பதில் இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அப்பா லிங்கதுரை ஊர்க் கமிட்டித் தலைவர். பதில் இல்லாததைப் பதிலாகச் சொல்வது அந்தப் பதவியோடு வருவது.

மலைக்கும் மலைக்கும் நடுவே கணவாய்க் காற்று வாய் பிளந்து வருகிற இடம் எங்களுடையது. ஆகவே ஊருக்கு மேற்கே கம்பெனிக்காரர்கள் காற்றாடிகளை நட்டார்கள். அதில் ஒரு காற்றாடிக்கு வேண்டிய இறக்கை நீளமான டிரெய்லரில் படுத்துக்கொண்டு வந்தபோது, வண்டியின் முன்பக்கம் வளைவைத் தாண்டிவிட்டது, திருப்பத்தில் வால்பக்கம் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் பின்னால் எடுத்து மறுபடி திருப்பினால் போதும் என்று வடக்கத்தி ஓட்டுநர் கைஜாடை காட்டினார். ஊரே சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றது. கல் வைத்தார்கள், கட்டை வைத்தார்கள், கடைசியில் பெரியவர் சிலர் தாங்களே உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு ஊர் ஆண்கள் எல்லாரும், சாமி சப்பரம் தூக்குகிற அதே சத்தத்தோடு, வால்பக்கத்தைக் கையால் தள்ளித் திருப்பினார்கள். இறக்கையின் மெல்லிய பின்விளிம்பு வளைவுத் தூணில் போய் மோதியது. முற்றின பூசணிக்காயைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம் வந்ததாம்.

எல்லாரும் முதலில் வளைவைத்தான் பார்த்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் அப்போது திருநெல்வேலியில் விடுதியில் இருந்தேன், இதெல்லாம் பிறகு கேட்டதுதான். இறக்கை கெட்டது என்று சொன்னால் வேறு இறக்கை வரும், வேறு இறக்கை வருவதற்கு வளைவை இடிப்பார்கள், வளைவை இடித்தால் பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான். இந்த மூன்று படியில் அப்பா ஏறி நின்று தீர்மானம் சொன்னார். ஓட்டுநருக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம். டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிற கோயில்பிச்சை அண்ணாச்சி, அம்பாசிடர் கார் ஒடுக்குக்குப் பார்க்கிற பட்டியைக் குழைத்து அப்பி, தேய்த்து, வெள்ளைப் பெயிண்டும் அடித்தார். அது எப்பேர்ப்பட்ட வேலை என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் படிப்பது அதைத்தான்: அந்த இறக்கை இரும்பு இல்லை; கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, பசையை ஊற்றி, நடுவில் லேசான கட்டையை வைத்து இறுக்கி எடுப்பது; அடிபட்டால் ஒடுங்காது, உள்ளே அடுக்கு விட்டுப்போகும்; மேலே பட்டி பூசினால் வெளியே வழவழப்பாகத்தான் இருக்கும், உள்ளே ஒவ்வொரு சுற்றிலும் அடுக்கும் அடுக்கும் வாய்திறந்து வாய்மூடும், ஒவ்வொரு சுற்றிலும் கீறல் இன்னும் ஒரு மயிரிழை நடக்கும்.

இறக்கை மேலே ஏறிச் சுற்றத் தொடங்கிய மறுநாள் காலை, கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த கோயில்பிச்சை அண்ணாச்சி, இடது காதுக்குக் கீழே ஒரு கீறலைக் கண்டார். பிளேடு பட்டதென்று நினைத்துப் படிகாரம் தேய்த்தார். ரத்தம் இல்லை, வலி இல்லை. வெள்ளையாக, மெல்லிசாக, பெயிண்ட் வெடித்தது மாதிரி ஒரு கோடு. நகத்தால் சுரண்டியபோது ஒரு கண்ணாடி இழை வந்தது. விரலில் ஏறி அரித்தது. அன்றைக்கே டிரெய்லரைத் தள்ளினவர்கள் எல்லாருக்கும் அந்தக் கோடு இருந்தது. பிறகு அவர்கள் பெண்டாட்டிமாருக்கு வந்தது, பெண்டாட்டிமார் சொன்ன அக்கா தங்கைக்கு வந்தது, வாசலில் பேசியதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த பிள்ளைகளுக்கு வந்தது. விஷயம் காதில் விழுந்தால் கழுத்தில் கோடு விழும், அவ்வளவுதான் கணக்கு. வடக்கே எங்கேயோ ஒரு தாபாவில் உட்கார்ந்து சப்பாத்தி பிய்க்கும் அந்த ஓட்டுநரின் கழுத்திலும் இருக்கும்.

முதலில் வெட்கப்பட்டார்கள். ஆண்கள் வெயிலோ மழையோ துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்கள், பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள், பிள்ளைகளுக்கு மாவு மாதிரி பவுடர் அப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். கல்யாணம் வந்தால் கோயில்பிச்சை அண்ணாச்சி பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கழுத்தில் பட்டி பார்த்தார், அதே டப்பா, அதே தகடு. ஆனால் மேலே கீறல் நடந்தால் இங்கேயும் நடந்தது. பந்தி முடிவதற்குள் பட்டி வெடித்துப் பொலபொலவென்று பாயசத்தில் உதிர்ந்தது. கோடு காதிலிருந்து இறங்கித் தொண்டைக்குழியைத் தொட்டது. ஆடிக் காற்று தொடங்கியபோது மேலே அந்த இறக்கை விசிலடித்தது. இங்கே ஊர்க்காரர்கள் கழுத்துகளும் அதே தாளத்தில் விசிலடித்தன. பஞ்சாயத்துக் கூட்டத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க, எல்லாக் கழுத்துகளும் ஒன்றாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

எத்தனை நாளைக்கு வெட்கப்படுவது? வெட்கம் உடம்பை அலுக்கவைக்கிற வேலை. அதைவிடப் பெருமைப்படுவது சுலபம் என்று ஊர் ஒருநாள் கண்டுபிடித்தது. வெள்ளிக்கிழமைப் பூசையில் சாமியாடுகிற சிதம்பரநாடார் ஆடி முடித்துத் தண்ணீர் கேட்கும்போது, இது அம்மன் தன் பிள்ளைகளுக்குக் கிழித்த கோடு என்று சொன்னார். அவர் டிரெய்லருக்கு வலதுபக்கம் நின்று தள்ளியவர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இடதுபக்கம் நின்று தள்ளியவர்கள். ஆனாலும் குலவை எழுந்தது. பொய்யென்று தெரியாதவர்கள் பொய்யை நம்புவதில் என்ன இருக்கிறது. தெரிந்தவர்கள் ஒருமனதாக நம்புவதுதான் அதிசயம், கழுத்தில் கோடு விழுவதெல்லாம் அதற்குப் பக்கத்தில் வரவே வராது. துண்டுகள் இறங்கின. ரவிக்கைக் கழுத்துகள் இறங்கின. கோட்டின் மேல் மஞ்சள் பூசிக்கொண்டார்கள். வெளியூர்ச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம், எங்கள் பெண்ணுக்குக் கோடு நெஞ்சுவரைக்கும் உண்டு என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஊருக்குள் கோடு விழாத ஒரே கழுத்து சுயம்புக்கனி அக்காவுடையது.

அக்கா டீக்கடை வைத்திருப்பவர். புருஷன் இல்லை, ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். டிரெய்லர் வந்த சமயம் மகளின் பேறுகாலத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது, வளைவின் ஓரத்தில் இருந்த அவர் கடை அங்கே இல்லை. வளைவின் பார்வைக்கு இடைஞ்சல் என்று கமிட்டி அதைப் பெயர்த்துக் கொண்டுபோய், காற்றாடிக் கம்பத்தின் காலடியில், கம்பெனி வேலையாட்கள் வந்து போகிற இடத்தில் வைத்திருந்தது. எந்தக் காற்றாடி என்று நான் சொல்லவும் வேண்டுமா? காலியாக இருந்த இடம் அதுதான் என்றார்கள். காலியாக ஏன் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கு ஓயாத வாய். ஊர்க் கதை எல்லாம் அவர் அடுப்பில்தான் கொதிக்கும். கம்பெனி ஆட்கள் அவரிடம்தான் டீ குடிக்கிறார்கள். ஆகையால் ஊர் முழுக்கச் சொல்லலாம், அவரிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று எல்லாருக்கும் எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

கோடு இல்லாததால், வரப்போகிற கொடை விழாவில் அக்கா முளைப்பாரி தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆடிக் கடைசியில் விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் கழுத்தில் கோடு மார்பெலும்பைத் தாண்டியிருந்தது. அம்மன் கோடு என்றாள். எனக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். நீ வெளியூர்ல இருக்க என்றாள். வெளியூரில் கட்டிக்கொடுத்த சித்திக்கு இருக்கிறதே என்றேன். விரல் வைத்து அவள் தோளைத் தட்டினேன், கிண்ணென்று இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் தட்டினேன், பொத்தென்று இருந்தது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பலகையைத் தட்டிப் பார்ப்பது இப்படித்தான். பொத்தென்றால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது.

"அம்மா, இது கண்ணாடி இழை. எங்கேருந்து வந்துச்சு?"

"உன்ட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன் பூரணி. நீ உடனே பேச ஆரம்பிச்சிருவே."

"நான் இப்பமே பேசிட்டுத்தான இருக்கேன்."

அம்மா என் தலையை வாரிக்கொண்டே, சீப்பை நிறுத்தாமல், டிரெய்லரிலிருந்து டீக்கடைவரை சொல்லி முடித்தாள். பின்னலுக்கு ரப்பர் போடும்போது என் காதுக்குக் கீழே குளிர்ச்சியாக ஒன்று இறங்கியது.

சாயங்காலம் கமிட்டி மண்டபத்துக்குப் போனேன். பெண்கள் ஏறக் கூடாத மண்டபம் என்பதால் படியில் நின்று பேசினேன். நின்ற இடம் தாழ்வாக இருந்தால் குரலைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். கீறல் நெஞ்சைத் தாண்டிவிட்டது என்றால் மேலே இறக்கையில் பாதி போய்விட்டது என்று அர்த்தம், இந்தக் காற்றில் எந்த நாளும் முறியலாம், முறிந்தால் அது விழுகிற இடத்தில் ஒரு மனுஷி அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

"அதான் யாரும் அங்க நின்னு குடிக்கிறதில்லல்லா" என்றார் ஒருவர், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். "தூக்குவாளில வாங்கிட்டு வந்துருதோம்."

"நீங்க வாங்கிட்டு வந்துருதீங்க. அக்கா?"

"ஏட்டி, அவளுக்கும் ஒரு வழி பண்ணத்தான் போறோம். கொடை முடியட்டும்" என்றார் அப்பா.

"கொடை முடியிற வரைக்கும் விழாம இருன்னு றெக்கைகிட்ட சொல்லியாச்சா?"

"அம்மன் பாத்துக்கிடுவா."

"அப்போ வளைவையும் அம்மனே பாத்துக்கிட மாட்டாளா? அதுக்கு மட்டும் ஏன் கமிட்டி?"

யாரோ சிரித்தார்கள், சிரித்ததும் கழுத்தில் விசில் வந்தது, நிறுத்திக்கொண்டார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "படிக்க வச்சா வாதாடத்தான் வருது" என்றார். அவரைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. இவருடைய மூக்கு எனக்கு இருக்கிறது. இவருடைய பெயரின் முதல் எழுத்தைப் போட்டுத்தான் எங்கேயும் கையெழுத்துப் போடுகிறேன். இன்றிலிருந்து இவருடைய கோடும் இருக்கிறது. விடுதியில் யாராவது உன் ஊர் எது என்று கேட்டால் மாவட்டத்தின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கப்போகிறேன் என்று அந்தப் படியில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை நேரே டீக்கடைக்குப் போனேன். பெஞ்சுகள் காலியாக இருந்தன. மேலே இறக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. மூன்றில் ஒன்று வரும்போது மட்டும் விசில் கேட்டது. சுயம்புக்கனி அக்கா பாலை ஆற்றிக்கொண்டே என் கழுத்தைப் பார்த்தார்.

"உனக்கும் வந்துட்டா மக்கா?" என்றார். "நேத்து வந்தவளுக்கு நேத்தே வந்துட்டு. நான் மூணு வெள்ளி பச்சத்தண்ணி குடிக்காம கெடந்தேன், மண்சோறு தின்னேன். எனக்கு என்ன குத்தம்னு அம்மனாவது சொல்லலாம்ல. ஊர்ல ஒருத்தன் என் கடை பெஞ்சுல உக்கார மாட்டங்கான். தூரமா நின்னு தூக்குவாளிய நீட்டுதான். வெறுங்கழுத்துக்காரி கையால வாங்கிக் குடிச்சாலும், பக்கத்துல இருந்து குடிக்கக் கூடாதாம் போல. கோடில்லாதவள்னு அருவருப்பு."

என்னிடம் வாதங்கள் இருந்தன, வரிசையாக அடுக்கி எடுத்து வந்திருந்தேன். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அக்கா ஆற்றுவதை நிறுத்தவில்லை. டம்ளரிலிருந்து குவளைக்கும் குவளையிலிருந்து டம்ளருக்கும் பால் போய் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர், தள்ளியது, பட்டி பார்த்தது, கடையைப் பெயர்த்தது, யாரிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று சொன்னது. அந்த இடத்தில் அவருடைய காதுக்குக் கீழே கோடு பிறந்தது. பிறந்து, மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் நடந்த தூரத்தை ஒரே மூச்சில் நடந்து, ரவிக்கைக்குள் இறங்கியது. என் கழுத்திலும் அது அப்படியே இறங்கியிருந்ததை அப்போதுதான் தொட்டுப் பார்த்தேன்.

அக்கா சுவரில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தார். மூன்று வெள்ளிக்கிழமைகள் கேட்டது கிடைத்திருந்தது.

"அப்போ அருவருப்பு இல்ல" என்றார்.

"இல்லக்கா."

"பயம்."

"ஆமா."

"தள்ளி நின்னது எல்லாம்."

நான் தலையை ஆட்டினேன். அக்கா அடுப்பை அணைத்தார். பாலை மூடி வைத்தார். முந்தானையால் கழுத்தைப் போர்த்திக்கொண்டவர், என்ன நினைத்தாரோ, அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "கம்பெனி இஞ்சினியர் தம்பி இந்நேரம் வந்திருக்கும்" என்று கிளம்பினார்.

கம்பெனியின் தள அலுவலகம் தகரக் கொட்டகைதான். நிரஞ்சன் என்ற கோயம்புத்தூர்க்காரர் லேப்டாப்பில் காற்றின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயது, அக்கா கடை டீக்கு அடிமை.

"ஏனுங்கக்கா, டீ நீங்களே கொண்டு வந்துட்டீங்களா" என்றார்.

"டீ இல்ல தம்பி. ஒரு விஷயம் சொல்லணும். சொன்னா உன் கழுத்துல கோடு விழும். சம்மதமா?"

"ஊர்ச் சாமிக் கோடுங்களா? எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க" என்று சிரித்தார்.

அக்கா சொன்னார். ஊரில் எவ்வளவோ கதையை எவ்வளவோ நீட்டிச் சொன்ன வாய், இதை டீக்குச் சர்க்கரை போடுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்தது. விசில் சத்தம் காற்றுதான் என்று இத்தனை நாள் தானே எழுதி அனுப்பிக்கொண்டிருந்ததை நிரஞ்சன் சொல்லத் தொடங்கினார், சொல்லும்போதே கை கழுத்துக்குப் போனது. செல்போனின் கேமராவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவருடைய முகம் எப்படி மாறியது என்று நான் கவனித்தேன்: பயந்தவரின் முகம் இல்லை அது, இனிமேல் எனக்குத் தெரியாது என்று எங்கேயும் சொல்ல முடியாது என்று புரிந்துகொண்டவரின் முகம். மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் சென்னையில் இருந்தது. முதலில் சத்தம் போட்டது, பிறகு ஏதோ சமாதானம் சொன்னது, பட்டி பூசியதை நிரஞ்சன் சொன்னதும், வேறு குரலில், நிறுத்து என்றது.

இறக்கைகள் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திரும்பிக்கொண்டு, தயங்கித் தயங்கி நின்றன. அந்த விசில் நின்றபோதுதான் அது எவ்வளவு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. ஊரிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு பாதையில் வருகிற எங்களைப் பார்த்தார்கள். அக்காவின் திறந்த கழுத்தைப் பார்த்தவுடன், ஒருவர் சொல்லாமலேயே, துண்டுகள் ஏறின, முந்தானைகள் ஏறின, மஞ்சள் பூசிய கோடுகள் எல்லாம் மறைந்தன. சிதம்பரநாடார் கையாலேயே பொத்திக்கொண்டார்.

எனக்கு மனசுக்குள் ஒரு கொண்டாட்டம் இருந்தது, ஒளிப்பானேன். அக்கா இப்போது வாயைத் திறப்பார், இந்த ஊர் தலைமுறைக்கும் மறக்காத மாதிரி கேட்பார் என்று காத்துக்கொண்டு நடந்தேன். எனக்கு விட்டுப்போன வாதங்களையெல்லாம் அவர் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது.

அப்பா எதிரே வந்தார். வளைவைப் பற்றிப் பேசவில்லை. "கனி" என்றார். அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அண்ணாச்சி" என்றார் அக்கா. "என்ட்ட சொன்னா கம்பெனிக்காரன்ட்ட சொல்லிருவேன்னு நெனச்சீய."

"சொல்லிருக்க மாட்டேன்" என்றார் அக்கா. "கடைய மட்டும் வேற எடத்துக்கு மாத்திட்டு, உங்கள்ல ஒருத்தியா வாய மூடிட்டுத்தான் இருந்திருப்பேன். என் எடத்துல வேற எவளையாவது கொண்டு வச்சிருந்தாலும், தூக்குவாளிய எடுத்துட்டுப் போயி எட்ட நின்னுதான் வாங்கிருப்பேன். வர்ற வழியெல்லாம் அதத்தான் யோசிச்சுப் பாத்தேன். அப்படித்தான் இருந்திருப்பேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்படி இல்லை அக்கா, நீங்கள் அப்படி இல்லை என்று. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லாமல், ஓரமாக நிற்கச் சொல்கிற மாதிரி. அப்பா கழுத்திலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தவர், எடுத்த துண்டைத் திரும்பக் கழுத்தில் போடவில்லை. காற்று கணவாயிலிருந்து வந்தது. மேலே சத்தமில்லை. கீழே எங்கள் எல்லாருடைய கழுத்துகளும், அக்காவுடையதும் என்னுடையதும் சேர்த்து, மெல்ல விசிலடித்தன.